பார்சிலோனாவில் அறை எடுக்கும் முன்

கேள்வி: அம்மாவும் நானும் செப்டம்பரில் ஸ்பெயின் போகிறோம். பார்சிலோனாவில் நான்கு இரவுகள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சைவம். சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார். அவரை ஒரு முறையாவது அழகான ஹோட்டலில் தங்கவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. படங்களில் எல்லா டிசைன் ஹோட்டல்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகி, கோவை

பதில்: நல்ல ஆசை, தயங்காமல் நிறைவேற்றுங்கள். படங்களில் பெரும்பாலும் லாபியும் மொட்டைமாடி நீச்சல்குளமும்தான் இருக்கும். அம்மா தூங்கப்போவது அறையில். அதனால் ஹோட்டலைப் பிடித்ததோடு நின்றுவிடாமல், அதில் எந்த அறை என்பதையும் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு ஏற்ற பகுதி எஷாம்ப்ளா. 1859-இல் இல்டெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் திட்டமிட்ட பகுதி இது. தெருக்கள் பொதுவாக 20 மீட்டர் அகலம். நடைபாதைகள் விசாலமானவை, ஏற்றம் குறைவு. கட்டடக்கலைஞர் கௌதியின் காசா பத்யோ, காசா மிலா இரண்டும் இங்கே பசேச் தெ கிராசியா சாலையில்தான் நிற்கின்றன. முழங்கால் வலி உள்ளவரும் நிதானமாக நடந்தே பார்த்துவிடலாம். பழைய மாளிகைகள் சில ஹோட்டல்களாகவே மாறியிருக்கின்றன. அதே சாலையின் மேல்முனையில் உள்ள காசா ஃபூஸ்தர், தொமேனெக் இ மொந்தானெர் என்ற கட்டடக்கலைஞர் கட்டி 1911-இல் முடித்த வீடு; 2004 முதல் ஹோட்டல். அங்கே தங்காவிட்டாலும் உள்ளே ஒரு காபி குடித்து அதன் தூண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி தூக்கத்துக்கு வருவோம். எஷாம்ப்ளாவில் நான்கு தெருக்களுக்கு நடுவே கட்டடங்கள் சதுரமாக நிற்கும், நடுவில் பெரிய முற்றம் இருக்கும். தெருப்பக்க அறைக்குப் பால்கனியும் வேடிக்கையும் உண்டு. கூடவே நள்ளிரவு தாண்டியும் மோட்டார்சைக்கிள் சத்தம் வரும். நாற்சந்தி மூலை அறைகளில் இன்னும் அதிகம். முற்றத்தைப் பார்த்த அறைகள் அமைதியானவை, அம்மாவுக்கு அதுதான் சரி. ஆனால் ‘உள்பக்க அறை’ என்று மட்டும் கேட்டால், காற்றும் வெளிச்சமும் வருவதற்காகக் கட்டடத்துக்குள் விட்ட குறுகலான இடைவெளியைப் பார்த்த அறையைக் கொடுத்துவிடலாம். ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர்தான். ஆகவே பெரிய முற்றத்தைப் பார்த்த அறை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். மொட்டைமாடியில் பார் இருந்தால் அதற்கு நேர்கீழ் மாடியும் வேண்டாம்.

அடுத்தது குளியலறை. டிசைன் ஹோட்டல்களில் கட்டிலுக்கும் ஷவருக்கும் நடுவே வெறும் கண்ணாடித் தடுப்பு இருப்பது சகஜம். சிலவற்றில் கதவே இருக்காது. தாயும் மகளும் தங்கும் அறையில் இது நான்கு நாளும் சங்கடம். மூடும் கதவு உண்டா, குளிக்கும் இடம் தரைமட்டத்தில் இருக்கிறதா, தொட்டி விளிம்பைத் தாண்ட வேண்டுமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று கேளுங்கள். இரட்டை அறை என்றால் ஒரே பெரிய கட்டில் கிடைக்கலாம். தனித்தனிக் கட்டில் வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

லிஃப்ட் இருக்கிறது என்பதும் போதாது. பழைய கட்டடங்களில் லிஃப்டுக்குப் போகவே சில படிகள் ஏற வேண்டியிருக்கும். தரைத்தளத்துக்கும் ‘முதல் மாடி’க்கும் இடையே ‘என்ட்ரெசுவேலோ’, ‘பிரின்சிபால்’ என்று இரண்டு தளங்கள் வருவதும் உண்டு.

சாப்பாட்டு நேரம் நம்முடையது அல்ல. மதிய உணவு இரண்டு மணிவாக்கில்; பல உணவகங்களில் நான்கு மணிக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி பற்றவைக்க எட்டு, எட்டரை ஆகிவிடும். அம்மா ஏழு மணிக்குச் சாப்பிடுபவர் என்றால் சிறு தட்டுகளில் உணவு தரும், இடைவிடாமல் இயங்கும் தபாஸ் கடைகள் கைகொடுக்கும். தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த பத்ரோன் மிளகாய், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா ஆகியவை சைவத்துக்குத் தோதானவை. ஆனால் எஸ்கலிவாதாமேல் நெத்திலி வைத்துத் தருவதும், ‘இறைச்சி இல்லை’ என்ற சாலட்டில் சூரை மீன் இருப்பதும் உண்டு. ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று சொல்லுங்கள்: இறைச்சி, பன்றித்தொடைக் கறி, மீன் எதுவும் வேண்டாம் என்று பொருள்.

பணத்தில் ஒரு விஷயம். அறை வாடகையோடு சுற்றுலா வரியும் உண்டு. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. பெரும்பாலும் ஹோட்டலிலேயே தனியாகக் கட்டச் சொல்வார்கள். ஷெங்கன் விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய முன்பதிவையே எடுங்கள். உறுதிச்சீட்டில் இருவர் பெயரும் இருக்கட்டும். செப்டம்பர் 24-ஐ ஒட்டி நகரத்தின் லா மெர்சே திருவிழா நடக்கும். மனித கோபுரங்களைப் பார்க்க அருமையான சமயம், ஆனால் கூட்டமும் வெடிச்சத்தமும் இருக்கும். அம்மாவின் தூக்கம் முக்கியமென்றால் மாதத்தின் முதல் பாதியில் போங்கள்.

பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: முற்றப்பக்க அறை, தனித்தனிக் கட்டில், கதவுள்ள குளியலறை, படியில்லாத வழி. நான்குக்கும் நேரான பதில் தரும் ஹோட்டலை எடுங்கள். மழுப்பினால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.