ஸ்கேன் பண்ணியாச்சு, அப்புறம்?

ஏப்ரல் பிறந்ததும் கடைகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் பரண் சுத்தம் செய்யும் வேலை தொடங்கும். பில் புக், வவுச்சர் கட்டு, பாக்ஸ் ஃபைல் எல்லாம் தூசியோடு கீழே இறங்கும். புது வருடக் கணக்குக்கு இடம் வேண்டுமே. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு எடைக்குப் போட்டுடலாம் சார்" என்று யாராவது சொல்வது அப்போதுதான்.

கணக்கு அலுவலகங்களில் பல வருடம் ஃபைல் புரட்டியவன் நான். கரையானும் ராமபாணப் பூச்சியும் தின்று தீர்த்த லெட்ஜர்களைப் பார்த்தவன் என்பதால், ஸ்கேன் செய்வதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஸ்கேன் எடுத்த நாளோடு கவலை தீர்ந்தது என்ற எண்ணம் ஆபத்தானது. அதிலிருந்து கிளைத்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: மெஷின் எடுத்த நகலில் தப்பு வராது

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், இதை யாருமே சந்தேகப்படுவதில்லை என்பதுதான்.

நம்மூரில் நகலுக்கே ஜெராக்ஸ் என்றுதான் பெயர். அந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில், 2013இல் ஜெர்மனியில், ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தார்கள். மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று அசலில் இருந்தது. ஸ்கேனில் மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே வந்தது. எழுத்து மங்கவில்லை, கறை படியவில்லை. பளிச்சென்று, தெளிவாக, தவறான எண்!

டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். கோப்பின் அளவைக் குறைக்க அந்த இயந்திரம் ஜேபிக்-2 என்ற சுருக்கும் முறையைக் கையாண்டது. பார்வைக்கு ஒத்திருக்கும் எழுத்துத் துண்டுகளை ஒன்றென்று எடுத்துக்கொண்டு, ஒன்றின் படத்தையே மற்ற இடங்களிலும் பதித்துவிட்டது. 6 இருந்த இடத்தில் 8 உட்கார்ந்தது. நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. ஆனால் அதற்கு முன் ஸ்கேன் செய்து அசலைக் கிழித்துப் போட்டவர்கள் எதை வைத்துச் சரிபார்ப்பார்கள்?

இவ்வளவு நுட்பமான கோளாறு எல்லா மெஷினிலும் வராது. சாதாரணக் கோளாறுகள் தினமும் வருகின்றன. எடுக்காத ஸ்டேப்ளர் பின்னாலும் ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்ட தாளாலும் இரண்டு பக்கம் சேர்ந்து உள்ளே போய்விடும். வவுச்சரின் பின்பக்கம் போட்ட கையெழுத்து விட்டுப்போகும். ஆகவே கட்டை மெஷினில் வைக்கும் முன் பக்கங்களை எண்ணுங்கள், ஸ்கேன் முடிந்ததும் மீண்டும் எண்ணுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுங்கள். தொகை எழுதிய தாள்களில் சிலவற்றையாவது, ஸ்கேன் செய்தவர் அல்லாத இன்னொருவர் அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நம்பிக்கை: ஸ்கேன் இருந்தால் அசல் தேவையில்லை

பாதி உண்மை. ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்திருப்பதை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. அன்றாட பில்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் உயில், அறக்கட்டளைப் பத்திரம் போன்றவற்றை அந்தச் சட்டமே தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

வழக்கு என்று வந்தால் கதை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது உரிய சான்றிதழ் சேர்க்க வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, கோப்பின் 'ஹாஷ்' எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய சட்டத்தின் காலத்திலேயே, 2020இல், இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இது என் கையெழுத்தே இல்லை" என்று எதிர்த்தரப்பு மறுத்தால், நிபுணர் பார்ப்பது பேனாவின் அழுத்தத்தையும் மையையும். ஸ்கேனில் அழுத்தம் இருக்காது. கையெழுத்திட்ட ஒப்பந்தம், முத்திரைத்தாள், கடன் பத்திரம், சொத்துப் பத்திரம் இவற்றின் அசலை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

நம்பிக்கை: லேமினேட் செய்தால் காலத்துக்கும் நிற்கும்

பெட்ரோல் பங்க் ரசீதும் ஏடிஎம் சீட்டும் வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாள்கள். சூடான லேமினேஷன் மெஷினுக்குள் விட்டால் முழுவதும் கறுத்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் மங்கிப்போகும். வந்த வாரமே ஸ்கேன் எடுப்பதுதான் வழி. முக்கியப் பத்திரங்களையும் லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிப்பது மிகக் கடினம்.

நம்பிக்கை: ஹார்ட் டிஸ்க் பீரோவில் பத்திரமாக இருக்கிறது

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த சைதாப்பேட்டையில் ஒரு சிறு அச்சகத்துக்குப் போனேன். உரிமையாளர் முன்யோசனையுள்ளவர், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்திருந்தார். காகிதம் தரைத்தளத்தில், கணினி தரைத்தளத்தில், ஹார்ட் டிஸ்க் அதே அறையின் பீரோவில். எல்லாம் ஒரே தண்ணீரில் போயிற்று. ஊறி உப்பிய லெட்ஜரை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே ஒரு பிரதி மகள் வீட்டில் இருந்திருந்தால் போதும்.

தீயிலும் இதே கதைதான். காகிதத்துக்கென்று தரச்சான்று பெற்ற தீத்தடுப்புப் பெட்டி, உள்ளே சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாது. காகிதம் அதைத் தாங்கும். கணினி வட்டுகளுக்கான தரச்சான்று கேட்பதோ சுமார் 52 டிகிரிக்குள். காகிதப் பெட்டியில் வைத்த ஹார்ட் டிஸ்க், பெட்டி தப்பித்தாலும் தப்பிக்காது.

"அதுக்குத்தான் கிளவுடில் போட்டிருக்கேன்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் எரிந்துபோனது. மொத்தம் 858 டெராபைட். அளவு பெரிது என்று வெளியே வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. ஒரு நாட்டின் அரசுக்கே இந்த நிலை.

கிளவுடும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிதான். அதோடு, கணினியையும் கிளவுடையும் ஒன்றோடொன்று இணைத்து வைப்பது வேறு, தனிப் பிரதி வைப்பது வேறு. இணைத்து வைத்தால் இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். பணம் கேட்டுப் பூட்டும் வைரஸ் இங்கே பூட்டியது அங்கேயும் பூட்டிக்கொள்ளும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது இத்துறையின் பழைய கணக்கு. சிறிய கடைக்கும் இது கட்டுப்படியாகும்.

நம்பிக்கை: எதையும் அழிக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு

ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் இன்னும் கூடும். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களுக்கு 8 நிதியாண்டுகள். பங்குதாரர் பதிவேடு நிரந்தரம். எதற்கு எவ்வளவு காலம் என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆனால் பத்து வருடம் முன்பு வேலையை விட்டுப் போன பையனின் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் இன்னும் எதற்கு? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காகிதத்தில் வாங்கிப் பிறகு ஸ்கேன் செய்த தகவலையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. நோக்கம் முடிந்து, வேறு சட்டமும் கேட்காதபோது அழித்துவிட வேண்டும் என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

அழிப்பது என்றால் எடைக்குப் போடுவது அல்ல. பஜ்ஜி மடித்துத் தந்த தாளில் யாரோ ஒருவரின் பான் எண்ணைப் படித்திருக்கிறேன். அவர் அதை நம்பிக்கையோடுதான் ஓர் அலுவலகத்தில் கொடுத்திருப்பார். துண்டுதுண்டாக வெட்டிய பிறகே தாள் வெளியே போக வேண்டும். பழைய கணினியை விற்கும் முன் வட்டை முறையாகத் துடைக்க வேண்டும்; 'டெலீட்' அழுத்தினால் பெயர்தான் மறையும், சரக்கு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பத்து வவுச்சர்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அவற்றின் ஸ்கேனைத் தேடிப் பிடித்துத் திறந்து, எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தும் சரியாக இருக்கும்வரை பரணில் உள்ள கட்டுகளை எடைக்கடைக்கு அனுப்பாதீர்கள்.