வெள்ளச் சேதமும் சர்க்கார் நிவாரணமும்

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெய்த மழை சாமானியமானதன்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், அதாவது 37 அங்குலத்துக்கு மேல் பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பெய்தன. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, பிசான நெல்லும் வாழைத் தோட்டங்களும் நீரில் மூழ்கின.

பின்னர் ராஜ்ய சர்க்கார் நிவாரணம் அறிவித்தனர். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேதமடைந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாயும், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாயும் என்று விகிதம் ஏற்பட்டது. 2 ஏக்கர் நெல்லை இழந்தவருக்கு இக்கணக்கின்படி ஏறக்குறைய 13,760 ரூபாய் கிடைக்கும். இது விளைச்சலின் கிரயமன்று. மறுபடியும் விதையும் உரமும் வாங்குவதற்கான இடுபொருள் மானியம் மட்டுமே. இதை அறியாமல், முழு நஷ்டமும் ஈடு செய்யப்படும் என்று நம்பி ஏமாறுவோர் பலர்.

இச்சிறு தொகையும் எல்லோர் கைக்கும் வந்து சேருவதில்லை. வந்து சேருவதும் சேராததும் பெரும்பாலும், நீர் வடிந்த முதற் சில நாட்களில் சாகுபடியாளர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தன. ஆதலின் அந்நாட்களில் செய்யத்தக்கவற்றையே இங்கு விரித்துரைக்க எண்ணுகிறோம்.

முற்காலத்தில் வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் சாவியானால், ரயத்துக்குக் கிடைத்தது தீர்வை வஜா. கர்ணம் எழுதிய கணக்கே அதற்கு ஆதாரம். 1980-ல் கர்ணம் பதவி ஒழிந்தது; கணக்கு ஒழியவில்லை. இன்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலே மூல ஆதாரம். எந்த சர்வே எண்ணில், எவர், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் சாகுபடி செய்தார் என்பது அதில் பசலிதோறும் பதிவாகிறது. மேற்படி வெள்ளத்துக்குரியது 1433-ஆம் பசலி. வெள்ளத்துக்கு முன்னரே அடங்கலில் பயிர் ஏறாதிருக்குமாயின், பின்னர் அவ்வயலில் நெல் நின்றது என்று மெய்ப்பிப்பது கடினம். எனவே நடவு முடிந்தவுடன் அடங்கல் நகலைப் பெற்று, சர்வே எண்ணும் உட்பிரிவும் பரப்பும் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருவாய்த் துறையாரும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையாரும் கூடி வந்து வயல்தோறும் சேதத்தை மதிப்பிடுவார்கள். அவர்கள் தீர்மானிக்க வேண்டியது முக்கியமாக ஒன்று: சேதம் 33 சதவீதத்தை எட்டியதா, இல்லையா? 2015-ஆம் வருஷத்துக்கு முன் இவ்வெல்லை 50 சதவீதமாக இருந்தது. குறைத்தது நல்லதே, ஆயினும் 30 என்று எழுதப்பட்டவருக்கு ஒன்றுமில்லை என்பது இன்றும் மாறவில்லை. மதிப்பீட்டின்போது சாகுபடியாளர் வயலில் இருத்தல் அவசியம் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான்.

பயிரின் சேதம் எல்லாப் பருவத்திலும் ஒரேவிதமாய்க் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இளம் நாற்று மூழ்கிக் கிடந்து வெளிப்பட்டபின் மஞ்சளாய்த் தோன்றும். அதனாலேயே அது செத்துவிட்டது என்று கொள்ளலாகாது. சில தூர்களைப் பிடுங்கி அடித்தண்டைக் கீறிப் பாருங்கள். குருத்து வெண்மையாயும் கெட்டியாயும் இருந்தால் பிழைக்கும். பழுத்துக் குழைந்து நாற்றம் வீசினால் அது போயிற்று. இதற்கு நேர்மாறானது பூக்கும் பருவத்து நெல். நீர் வடிந்ததும் அது பச்சைப் பசேலென்று நிற்கும்; பார்ப்பவர் சேதமில்லை என்று எழுதிவிடக்கூடும். மகரந்தம் கெட்டமையால் கதிர் முழுதும் பதராய்ப் போனது பால் பிடிக்க வேண்டிய காலத்தில்தான் தெரியும். வாழையும் அவ்வாறே. வேர் அழுகிய மரம் உடனே சாய்வதில்லை. இலை பழுத்து, நாள் சென்றே விழும். இவ்விரு நிலைகளிலும் முதல் மதிப்பீட்டின்போதே பயிரின் பருவத்தையும் நீர் நின்ற நாட்களையும் குறிப்பில் எழுதச் சொல்லி, மறு பார்வைக்கும் எழுத்து மூலம் கேட்டு வைக்க வேண்டும். நீர் நிற்கும்போதே எல்லைக்கல்லோ, மடையோ, பம்பு செட்டு அறையோ தெரியும்படி புகைப்படம் எடுத்து வைப்பது பெரிதும் உதவும். வெறும் நீர்ப்பரப்பின் படம் எவ்வூரிலும் எடுத்திருக்கலாம்.

இனிக் குத்தகைதாரர் நிலை. பயிரிட்டவர் ஒருவர், பட்டா வேறொருவர் பேரில் என்பது நம் ஆற்றுப் பாசனக் கிராமங்களில் சாதாரணம். வாய்ப்பேச்சாய்க் குத்தகை எடுத்தவர் பயிரை இழப்பார். பணமோ பட்டாதாரருக்குப் போய்ச் சேரக்கூடும். 1969-ஆம் வருஷத்திய குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்வதே உறுதியான பரிகாரம். அதற்கு அஞ்சுவோர், நிலச்சொந்தக்காரர் கோபிப்பாரே என்று தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் நமக்கு விளங்காததன்று. அவர்கள் அடங்கலில் சாகுபடியாளர் பெயராவது தம் பெயராய் இருக்கும்படி பருவத் தொடக்கத்திலேயே சம்மதம் பெற்றுக்கொள்வது நலம். வெள்ளம் வந்தபின் அச்சம்மதம் கிடைப்பது அரிது.

மணல் மூடிய நிலத்தைப் பற்றிப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த விதிகளில், 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த விளைநிலத்தைச் சீர் செய்ய ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று குறிக்கப்பட்டது. 2 ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையோருக்கு, அவ்வேலைக்கே வேறு திட்டத்தில் உதவி பெறாதிருந்தால், இது உரியது. பயிர்ச்சேதம் வேறு, இது வேறு. ஆதலால் தனித் தலைப்பில் கேட்க வேண்டும். அளவெடுக்குமுன் மணலை வாரிவிட்டால் 3 அங்குலத்துக்குச் சாட்சி ஏது?

கால்நடை இறந்தால் புதைக்குமுன் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்துச் சான்று பெறுக. 2023-ல் மாடொன்றுக்கு 37,500 ரூபாயும், ஆடொன்றுக்கு 4,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன.

பயிர்க் காப்பீடு இதனோடு சேர்ந்ததன்று. பிரீமியம் கட்டியவர்க்கு உரியதான அது, பெரும்பாலும் கிராமத்தில் நடத்தும் பயிர் அறுவடைச் சோதனையின் விளைச்சலைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்றை விட்டுவிட வேண்டுவதில்லை. இரண்டுக்கும் ரசீதுகள் தனித்தனியே பத்திரப்படட்டும்.

குளக்கரை உடைப்பு, மடை பழுது, வாய்க்கால் தூர்வு ஆகியவை ஒருவர் மனுவால் தீர்பவையல்ல. ராஜ்யப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய சர்க்காரின் பங்கு நான்கில் மூன்று, ராஜ்யத்தின் பங்கு ஒன்று. அந்நிதி போதாதபோது ராஜ்யம் மத்திய சர்க்காருக்கு விண்ணப்பிக்க, மத்தியக் குழுவொன்று வந்து பார்வையிடும். கிராமத்திலிருந்து தாலூகாவுக்கும் ஜில்லாவுக்கும் ஏறும் கணக்கே அவ்விண்ணப்பத்தின் அடிப்படை. ஆகவே ஊரார் கூடி, உடைப்பின் நீளம், அதனால் பாசனம் இழக்கும் ஆயக்கட்டு, அடுத்த தண்ணீர் விடுமுன் அடைக்க வேண்டிய இடம் ஆகியவற்றைக் கண்டு, கிராம சபைத் தீர்மானமாக எழுதி, தாசில்தாருக்கும் பாசனப் பொறியாளருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.