சானடோரியமா, சானிடேரியமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல் பக்கத்திலிருந்து வந்தவை. எல்லாமே ஆங்கிலச் சொற்கள் பற்றியவை. அதனால் இந்தப் பகுதியை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷன் சானடோரியமா, சானிடேரியமா? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.
(வாசகர், குரோம்பேட்டை)

ஸ்டேஷன் பலகையில் இருக்கும் சானடோரியம்தான் அந்த ஊரின் பெயர். ஆனால் சானிடேரியம் என்றும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. லத்தீனில் 'சானாரே' என்றால் குணப்படுத்துவது. 'சானிடாஸ்' என்றால் உடல்நலம். முதல் சொல் சானடோரியத்தைப் பெற்றது, அடுத்தது சானிடேரியத்தை. பிரிட்டிஷ் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு முதலாவது வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் இரண்டாவது பரவியது. கெல்லாக் சகோதரர்கள் கார்ன்ஃபிளேக்ஸ் செய்து பார்த்த இடத்தின் பெயர் பேட்டில் கிரீக் சானிடேரியம். எழுதும்போது நம் ஊர்ப் பெயரில் 'டி' எழுத்துக்கு முன்னால் ஏ, பின்னால் ஓ.

தாம்பரத்தில் அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். அதுவரை காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. அதற்கு ஏற்ற இடமாக ஊருக்கு வெளியே, மரம் செடிகளுக்கு நடுவே அமைந்தது அந்த மருத்துவமனை. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பழைய பெயரை ஸ்டேஷன் காப்பாற்றி வைத்திருக்கிறது.

உயிரெழுத்துக்கு முன் 'ஆன்', மற்றவற்றுக்கு 'ஏ' என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் ஆங்கில நாளிதழில் 'ஆன் எம்.டி.சி. பஸ்' என்று வருகிறது. அச்சுப்பிழையா?
(பள்ளி ஆசிரியை, முடிச்சூர்)

பிழையே இல்லை. பிள்ளைகளுக்கு விதியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள், டீச்சர்: கண்ணால் எழுத்தைப் பார்க்காதே, காதால் ஒலியைக் கேள். 'எம்' என்று சொல்லிப் பாருங்கள்; வாய் 'எ' என்ற உயிரில்தான் திறக்கிறது. ஆகவே எம்.டி.சி. பஸ்ஸுக்கு 'ஆன்'. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவருக்கும், கிறிஸ்தவக் கல்லூரியை எம்.சி.சி. என்று சுருக்கினால் அதன் மாணவிக்கும் 'ஆன்'தான். சானடோரியத்தில் இருக்கும் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அதை யாரும் எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்வதில்லை, 'மெப்ஸ்' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். எனவே 'ஏ மெப்ஸ் கம்பெனி'.

ரயிலுக்கு எடுக்கும் யு.டி.எஸ். டிக்கெட்டுக்கு 'ஏ' போட வேண்டும், ஏனென்றால் அது 'ய்' என்று தொடங்குகிறது. அதையே 'அன்ரிசர்வ்டு டிக்கெட்' என்று விரித்தால் 'ஆன்'. முதல் எழுத்து இரண்டிலும் யு, ஒலி மட்டும்தான் வேறு. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் 'ஹெச்' எழுதினாலும் வாயில் வராது, அதனால் 'ஆன்'. ஒன்-வே ரோடு 'வ' என்று தொடங்குவதால் 'ஏ'.

இந்த விதி உங்கள் மாணவர்களுக்குப் புதிதல்ல. உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு. ஓர் ஊர், ஒரு மரம். தமிழ் வகுப்பில் அவர்கள் ஏற்கெனவே படித்ததுதான். தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து இதை ஒரே வாரத்தில் நடத்தினால் பிள்ளைகளுக்குப் பசுமரத்தாணி போல் பதியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டின் பிறப்பும்கூட ஒன்றுபோலத்தான். நம்முடைய ஒரு, ஓர் இரண்டும் எண்ணுப் பெயர். ஆங்கிலத்தின் 'ஆன்' பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண்ணாக இருந்தது. பிறகு அழுத்தம் குறைந்து தேய்ந்து, மெய்யொலிக்கு முன் அதன் 'ன்' உதிர்ந்தது. ஆக மூத்தது 'ஆன்', இளையது 'ஏ'. அந்த 'ன்' எங்கே ஒட்டுகிறது என்பதில் ஆங்கிலேயர்களே தடுமாறியிருக்கிறார்கள். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரான் முன்பு 'நேப்ரான்'. 'ஏ நேப்ரான்' என்று சொன்னது காதில் 'ஆன் ஏப்ரான்' என்று விழுந்து, நகரம் பறிபோனது. பட்டப்பெயரைக் குறிக்கும் நிக்நேமில் நடந்தது தலைகீழ். கூடுதல் பெயர் என்ற பொருளில் அது 'ஈக்நேம்'. 'ஆன்' சொல்லின் 'ன்' அதில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆரஞ்சுப் பழமும் இப்படி நகரத்தைத் தொலைத்ததுதான். ஆனால் அது ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே இத்தாலி, பிரான்ஸ் பக்கம் நடந்துவிட்டது. சமஸ்கிருத 'நாரங்க', பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்ச்' என்று பின்னோக்கிப் போகும் அகராதிகள் அதன் வேரைத் திராவிட மொழியில் தேடுகின்றன. நம் நாரத்தையில் அந்த 'நா' இன்னும் இருக்கிறது.

'தி' எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதே பிடிபடவில்லை. வேலைக்கு மெயில் எழுதும்போதெல்லாம் பயம்.
(பட்டதாரி, சேலையூர்)

பயப்படாதீர்கள். ரஷ்ய மொழியில் 'தி' இல்லை, இந்தியில் இல்லை, லத்தீனிலும் இருந்ததில்லை. ஆங்கிலத்திலேயே அது முதலில் 'அந்த' என்று சுட்டிக்காட்டும் சொல்லாகத்தான் இருந்தது. அதே வேலையைத் தமிழ் பல இடங்களில் இரண்டாம் வேற்றுமை 'ஐ' வழியாகச் செய்துகொள்கிறது.

சேலையூரில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறீர்கள். மாலையில் நண்பரிடம் 'இன்னைக்கு வீடு பார்த்தேன்' என்கிறீர்கள். எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மறுநாள் 'வீட்டைப் பார்த்துட்டேன்' என்றால், நீங்கள் இருவரும் ஏற்கெனவே பேசிய கேம்ப் ரோடு வீடு என்று அவருக்குப் புரிந்துவிடும். முதல் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 'ஏ', இரண்டாவதற்கு 'தி'. மெயில் எழுதும்போது அந்த வரியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கில் தானாக 'ஐ' வந்தால் பெரும்பாலும் அங்கே 'தி' தேவை. அஃறிணைப் பொருள்களுக்குத்தான் இது உதவும். ஆட்களைச் சொல்லும்போது நாம் எப்போதும் 'ஐ' போடுவதால் அங்கே இது கைகொடுக்காது.

ஊர்ப் பெயருக்கு முன் 'தி' வராது, ஆற்றுக்கு வரும். இதில் அடையாறு நல்ல உதாரணம். 'தி' போட்டால் ஆறு. போடாவிட்டால் அடையாறு என்கிற பேட்டை. 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது 'தி' போட்ட அடையாறு.

பிரைஸ், லூஸ், அட்வைஸ் மூன்றிலும் ஸ்பெல்லிங் மாறிப்போகிறது. ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு ஸ்பெல்லிங்?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பம்மல்)

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் சொன்ன மூன்று ஜோடிகளும் ஆங்கிலக் காதுக்கு ஒரே ஒலி அல்ல. நம் எழுத்தில் இரண்டுக்கும் 'ஸ்' ஒன்றுதான் என்பதால் நமக்கு ஒன்றாகிவிடுகின்றன. தொண்டையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்றை விடுங்கள். விரலில் ஒன்றும் தெரியாது. இப்போது தேனீ மாதிரி ரீங்கரியுங்கள், தொண்டை அதிரும். விலைக்கு அதிர்வு இல்லை, பரிசுக்கு உண்டு. தொளதொளவென்று இருக்கும் சட்டைக்கு இல்லை, தொலைப்பதற்கு உண்டு. அறிவுரைக்கு இல்லை, அறிவுரை சொல்வதற்கு உண்டு. விலையும் பரிசும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது கூடுதல் செய்தி: இரண்டுமே லத்தீன் 'ப்ரெட்டியம்' வழி வந்தவை.

உண்மையிலேயே ஒரே ஒலி உள்ள சொற்களும் ஏராளம். அங்கே குழப்பியது ஆங்கிலம்தான். வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பிறகு ஸ்பெல்லிங் மெல்ல உறைந்தது, ஆனால் நாக்கு நிற்காமல் மாறிக்கொண்டே போனது. சந்திப்பதற்கும் இறைச்சிக்கும் இன்று ஒரே 'மீட்'; அன்று அவை வேறு வேறு ஒலிகள். மரம், மறம் இரண்டையும் நம்மில் பலர் ஒன்றுபோல் சொல்லிவிட்டு, எழுதும்போது மட்டும் பிரிக்கிறோமே, அந்தச் சங்கதிதான்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மாதிரி எந்தக் கடைத்தெருவிலும் பார்க்கும் 'ஸ்டேஷனரி' பலகை இதற்குச் சரியான சாட்சி. 'ஆர்' எழுத்துக்கு முன் ஈ வந்தால் நோட்டு, பேனா. ஏ வந்தால் நகராமல் நிற்பது. இரண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் ஒரே வேர். இடைக்கால ஐரோப்பாவில் புத்தக வியாபாரிகள் பலர் ஊர் ஊராகச் சுமந்து விற்றார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கடை போட்டவர் மட்டும் 'ஸ்டேஷனர்', நின்ற இடத்தில் விற்பவர்.

வாடகை வீட்டு கேட்டில் 'டூ லெட்' என்று தொங்குகிறது. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்திலும் ஒரு 'லெட்' இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
(வாசகர், பெருங்களத்தூர்)

ஒன்றல்ல, நேர் எதிர். கேட்டில் தொங்குவது 'விடு, அனுமதி' என்ற பொருளில் வந்த பழைய ஆங்கிலச் சொல். பாஸ்போர்ட்டில் இருப்பது 'தடு' என்ற பொருள் கொண்ட வேறு சொல். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போக விடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்கும் வாக்கியத்தில் வருகிறது. முன்பு இரண்டுக்கும் உச்சரிப்பு வேறு, பிறகு தேய்ந்து ஒன்றாகிவிட்டது. தடுக்கும் 'லெட்' பேச்சில் அநேகமாக வழக்கொழிந்துபோனது. பாஸ்போர்ட்டுக்கு வெளியே அதை இன்னும் கேட்க முடிகிற இடம் டென்னிஸ்: சர்வ் செய்த பந்து வலையில் உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் நடுவர் 'லெட்' என்பார், மறுபடி சர்வ் செய்ய வேண்டும்.