மலையில் ஆள், ஊரில் முதலாளி

கடையில் கண்ணெதிரே நிற்கும் ஆளை வேலை வாங்குவது எளிது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஆள் வைத்துத் தொழில் நடத்துவது எப்படி என்பதை என் அனுபவத்தைக் கொண்டே சொல்கிறேன்.

போளூரில் மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு, சாமையும் புளியும் ஜவ்வாது மலையிலிருந்து வருகின்றன. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கொள்முதலுக்கு ஆள் வைத்திருக்கிறேன். கைப்பேசி வந்த புதிதில் மணிக்கொரு முறை கூப்பிடுவேன். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தால், "எத்தனை மூட்டை ஆச்சு?" என்பதே என் கேள்வி. ஒரு பங்குனியில் புளி விலை திடீரென இறங்கியது. என் ஆள் பழைய விலைக்கே நாற்பது மூட்டை எடுத்துவிட்டார். கோபத்தில் ஏசிவிட்டேன். "முதலாளி, நீங்க பத்து வாட்டி கூப்பிட்டீங்க. விலையை மட்டும் சொல்லலை" என்றார். மறுவாரமே வேலையை விட்டு நின்றுவிட்டார். நட்டத்தை இரண்டு மாதத்தில் ஈடுகட்டினேன். அப்படி ஓர் ஆள் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று.

தொலைபேசி வசதி இல்லாத காலத்திலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் கடை நடத்தினார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த கடையை மேலாள் நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள், வேலை பழகப் பெட்டியடிப் பையன். மேலாளுக்குப் பொதுவாக மூன்று வருடத் தவணை. சம்பளமும் பொறுப்பும் புறப்படும் முன்பே எழுத்தில் முடிவாகும். கடையை நடத்த அதிகாரப் பத்திரம் உண்டு. கடிதத்தில் கணக்கு ஊருக்கு வரும். லாபம் வந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அன்றாடம் கேள்வி கேட்க வழியில்லாததால், கேட்க வேண்டிய அனைத்தையும் முன்கூட்டியே பேசி முடித்தார்கள். இதுவே நான் கற்ற பாடம்.

இப்போது நான் கடைப்பிடிப்பவை:

1. உச்ச விலை, தரம், முன்பணம் மூன்றையும் வாரந்தோறும் எழுதிக் கொடுக்கிறேன். அந்த வரம்புக்குள் முடிவு அவருடையது. நான் குறுக்கிடுவதில்லை.

2. நாளுக்கு ஒரே நேரம், மாலை ஏழு மணி. சிக்னல் உள்ள இடத்துக்கு அவர் வந்து பேசுவார். விலை மாற்றத்தை முதலில் நான் சொல்வேன். பிறகுதான் அவர் கணக்கு. அவசரமானால் லாரி டிரைவர் மூலம் சீட்டு போகும்.

3. எடைச் சீட்டு இரண்டு பிரதி. ஒன்று விற்ற விவசாயிக்கு, ஒன்று நமக்கு. நம் பிரதியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.

4. மாதம் ஒருமுறை நானே மலை ஏறுகிறேன். தராசைச் சரிபார்த்து, இருப்பை எண்ணி, அவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு வருகிறேன். குறை இருந்தால் தனியே சொல்வேன். விவசாயிகள் முன்னிலையில் சொல்வதில்லை.

5. பருவம் முடிந்ததும் லாபத்தில் ஒரு பங்கு. மூட்டை எண்ணிக்கைக்கு மட்டும் கமிஷன் கொடுத்தால் ஈரப் புளியும் சேர்ந்து வரும்.

தூரத்து ஆள் சோம்பேறியாகிவிடுவான் என்று பயப்படுகிறோம். பெரும்பாலும் அவர் தடுமாறுவது, நாம் சொல்லாமல் விட்டதால்தான். வெளியூரில் கிளையோ, கொள்முதல் ஆளோ வைத்திருக்கும் உறுப்பினர்கள் இன்றிரவே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: அவர் உங்களைக் கேட்காமல் எதை முடிவு செய்யலாம்? தாள் வெறுமையாக இருந்தால் குறை அவரிடம் இல்லை.