கேசமும் சருமமும்: வாசகர் வினாக்களுக்கு விடைகள்

கேள்வி: எனக்கு முதற்பிரசவம் ஆகி நான்கு மாதங்கள் ஆகின்றன. தலை வாரும்போதெல்லாம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சித் தேய்த்தால் நின்றுவிடும் என்கிறார் என் மாமியார். சின்ன வெங்காயச் சாற்றைத் தடவச் சொல்கிறாள் தங்கை. பத்தே நாளில் புதுமுடி முளைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் எண்ணெய் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார் என் கணவர். எதை முதலில் தொடங்குவது, டாக்டர் அம்மா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அச்சத்தை விட்டுவிடுங்கள், அம்மா. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தாங்களும் கேட்டிருக்கக்கூடும். அந்தச் சிரிப்புக்கும் முடி உதிர்வதற்கும் காரண காரிய சம்பந்தம் ஏதுமில்லை என்றாலும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றவர்களை அருகிருந்து பேணிய மூதாட்டிகள் அதன் காலக்கணக்கை மிகச் சரியாகவே கண்டுவைத்திருக்கிறார்கள். மனிதர் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பின்பு ஏறக்குறைய 3 மாதம் வளர்ச்சியின்றி ஓய்ந்திருந்து, அதன்பின் உதிர்ந்து அடுத்த முடிக்கு இடம் விடுவது இயற்கையின் நியதியாதலால், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது ஆரோக்கியமான தலைக்கும் உரியதே. கர்ப்ப காலத்தில் மிகுந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு, உதிர வேண்டிய முடிகளையும் உதிரவிடாமல் பிடித்து வைக்கிறது. பிரசவமானதும் அச்சுரப்பு திடீரெனக் குறைய, அவ்வாறு தங்கிவிட்ட முடிகளெல்லாம் ஒருசேர ஓய்வு நிலையை அடைந்து, சில மாதங்களில் ஒருசேர விழுகின்றன. டெங்கு, டைபாய்டு முதலிய கடுஞ்சுரங்கள் தணிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. வேர் அழிவதில்லை. பெரும்பாலோருக்குக் குழந்தையின் ஆண்டு நிறைவுக்குள் கூந்தல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

தானாகவே நிற்கப்போகும் உதிர்வு நிற்பதற்குச் சற்று முன்னால் எந்தத் தைலத்தைத் தடவினாலும், அது நின்ற பெருமை முழுவதும் அத்தைலத்துக்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் சாட்சி சொல்லும் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. அவர்களில் பலர் தங்களைப் போலவே பிரசவமோ காய்ச்சலோ கண்டு எழுந்தவர்களாயிருக்கலாம். ஆயினும் முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் மட்டுமே வளரும் சுபாவமுடையது. பத்து நாளில் பலன் காட்டுவதாகச் சொல்லும் எதையும் நம்பிப் பணம் செலவிட வேண்டாம்.

மாமியாரின் யோசனையைத் தட்டவும் வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் முடித்தண்டின் உள்ளே ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் அதிலுள்ள புரதம் வெளியேறாமல் காக்கிறது என்பதும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தச் சக்தி இல்லை என்பதும் 2003-ல் நம் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனையில் தெளிவாயின. ஆகவே எண்ணெய் தேய்ப்பதால் முடி உடையாது, சிக்குப் பிடிக்காது, பளபளப்புக் குன்றாது. இவை சிறிய நன்மைகள் அல்ல. கரிசலாங்கண்ணிச் சாறு சேர்த்துக் காய்ச்சினால் எண்ணெய்க்குக் கருமையும் நறுமணமும் வரும். மாமியார் அன்போடு தேய்த்துவிட, தாங்கள் கண்மூடி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்தால், இரவெல்லாம் உறக்கமின்றிக் குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் சரீரத்துக்கு அதுவே பெரிய ஔஷதம். ஓய்ந்துபோன முடியை ஓய்விலிருந்து எழுப்பும் வேலையை மட்டும் அந்த எண்ணெயிடம் எதிர்பார்க்காதீர்கள். வெங்காயச் சாறு புழுவெட்டுக்குச் சொல்லப்பட்ட நாட்டு வைத்தியம். தங்கள் நிலைக்கு அது வேண்டாத எரிச்சல்.

உண்மையான கவனம் தட்டில் இருக்க வேண்டும். பிரசவத்தில் இழந்த இரத்தத்தையும், பாலூட்டுவதால் தினந்தோறும் செலவாகும் சத்தையும் ஈடு செய்ய வேண்டிய காலத்தில், பத்தியம் என்ற பெயரால் கீரையையும் பழத்தையும் பருப்பையும், சில வீடுகளில் தண்ணீரைக்கூட, தாயிடமிருந்து விலக்கி வைக்கும் வழக்கத்தை நான் மனமார எதிர்க்கிறேன். பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் இருக்கட்டும். அவற்றோடு முருங்கைக்கீரையும், முட்டை மீன் உண்பவராயின் அவையும், உணவுடன் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ அவசியம் சேரட்டும். புளிப்பிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் கிரகிக்க உதவும். சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ பருகினால் அந்தப் பயன் குறைந்துவிடும். மருத்துவமனையில் கொடுத்த இரும்பு மாத்திரைகளை நடுவில் நிறுத்த வேண்டாம். ஓராண்டு கடந்தும் உதிர்வு நிற்காவிட்டாலோ, நாணயம் போல் வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, அல்லது தாங்க முடியாத அசதியும் நெஞ்சுப் படபடப்பும் உடன் இருந்தாலோ, எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். தோளில் மாவு உதிர்வது போல் பொடுகு கொட்டுகிறது. தலை வறண்டுவிட்டது என்று பாட்டி இரவுதோறும் நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறார். வெந்தயம் அரைத்தும் பூசியாயிற்று. குறையவில்லை.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: தம்பி, பாட்டியின் அன்பு மெய், காரணத்தை நிர்ணயித்ததில்தான் பிசகு. பொடுகு வறட்சியால் வருவதன்று. மலசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சை எல்லார் தலையிலும் வசிக்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையே அதன் ஆகாரம். அது மிகுதியாகப் பெருகிச் சிலருடைய தோலை உறுத்தும்போது, தோல் தன் மேலடுக்கை அவசர அவசரமாகக் கழற்றி உதிர்க்கிறது. இந்த நிலையில் இரவெல்லாம் எண்ணெயை ஊறவிடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். பொடுகு அடங்கும்வரை எண்ணெயை நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை தலையை நன்றாக அலசுங்கள். வெந்தயத்தின் வழுவழுப்பு முடியை மிருதுவாக்குமேயன்றிப் பூஞ்சையைக் கொல்லாது. போதாக்குறைக்கு, அலசாமல் தங்கிவிட்ட வெந்தயத் துகள் காய்ந்து, பார்வைக்குப் பொடுகு போலவே நிற்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை தேய்த்து, ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசி வந்தால் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மற்ற நாட்களுக்குச் சீயக்காய் உத்தமமானது. அதிலுள்ள சபோனின் என்னும் பொருள் நுரைத்து அழுக்கையும் பசையையும் எடுத்துவிடும். அதன் இயல்பான மெல்லிய புளிப்பு, சோப்பின் காரத்தைப் போல் முடியைச் சொரசொரப்பாக்குவதில்லை. கொங்கு நாட்டார் அரப்பிலையை உலர்த்திப் பொடித்து உபயோகிப்பதும் இதே குணம் கருதித்தான். வெயிலில் நன்றாகக் காய்ந்த சீயக்காயோடு பச்சைப்பயறும், உலர்ந்த எலுமிச்சைத் தோலும், மணத்துக்குப் பூலாங்கிழங்கும் சேர்த்து மில்லில் கொடுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணில் மட்டும் படவிடாதீர்கள். பட்டால் விழி சிவந்து கடுமையாக எரியும்.

கேள்வி: எட்டு வயது மகளுக்குத் தலையெல்லாம் பேன். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடவே கூடாது. அவ்விதைப் பொடி பேனைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் தலையிலிருந்து வழிந்து கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலையே புண்ணாக்கிவிடும் கொடிய நஞ்சு அது. அவ்விதம் புண்பட்ட கண்களோடு வருகிறவர்களைக் கண் மருத்துவர்கள் நம் நாட்டில் இன்றும் கண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பதும் சில வீடுகளில் வழக்கம். கற்பூரமோ வேப்பெண்ணெயோ குழந்தையின் வாய்க்குள் போனால் வலிப்பு வரக்கூடும். முடியை ஈரமாக்கி எண்ணெய் தடவி, பேன்சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, மூன்று நான்கு நாட்களுக்கொரு முறை இரண்டு வாரம் பொறுமையாக வாரி எடுங்கள். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேலாகுமாதலால் ஒரு நாள் வாரியதோடு நிறுத்தலாகாது. அல்லது பெர்மெத்ரின் 1 சதவீத மருந்தை மருத்துவரைக் கேட்டு உபயோகியுங்கள். வீட்டிலுள்ள அனைவர் தலையையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் சொல்லவில்லை என்றாலும், பெண் சற்று நிறம் குறைவு என்று உறவினர் பேசுகிறார்கள். எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் கலந்து பூசி வெயிலில் காய்ந்தால் வெளுக்கும் என்கிறார்கள். கடையில் ஒரு கிரீமும் சிபாரிசு செய்கிறார்கள்.
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: தங்கள் மகளின் நிறத்தில் குறை ஏதுமில்லை, அம்மா. நம் சருமத்துக்கு இந்த வண்ணத்தைத் தரும் மெலனின், விருதுநகரின் வெயிலிலிருந்து அவளைக் காத்து வந்திருக்கிற கவசம். அதைக் குறைபாடு என்று கல்யாணக் களையிலிருக்கும் ஒரு பெண்ணின் காதுபடப் பேசுகிறவர்களின் வாயைத் தாங்கள்தான் முன்வந்து அடைக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு தோலின் இயல்பான புளிப்பைக் காட்டிலும் பன்மடங்கு புளிப்பானது. அன்றியும் அதிலுள்ள ஃபுரோகூமரின் என்னும் பொருள் வெயிலோடு சேரும்போது தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுக்களை விட்டுச் செல்லும். வெளுப்பு வேண்டிச் செய்த பிரயத்தனம் நேர்மாறான பலனைத் தருவது இப்படித்தான். உள்ளடக்கம் அச்சிடப்படாத கிரீம்களைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய கவலை உண்டு. அவற்றில் சில பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை. முதல் சில வாரம் முகம் பொலிவாகத் தோன்றும், பின்பு தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், பரு வெடிக்கும், நிறுத்தினால் நெருப்பாக எரியும். வேறு சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நலங்கு மாவு போதும். பயத்தம்பருப்பு மாவும் ஆவாரம்பூவும் ரோஜா இதழும் சிறிது கஸ்தூரி மஞ்சளும் சேர்த்த மாவு, எண்ணெய்ப் பசையையும் இறந்த தோலையும் மென்மையாக எடுத்து, முகத்தைத் துலக்கமாகக் காட்டும். அதையும் முழங்கையின் உட்புறத்தில் இரண்டு நாள் தடவிப் பார்த்து, அரிப்பில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே முகத்துக்கு உபயோகிக்க வேண்டும். மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாது. முகூர்த்தத்துக்கு முந்திய இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் முகத்தில் பூச வேண்டாம். மருதாணி இடுவதிலும் ஒரு ஜாக்கிரதை தேவை: ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கூம்புகளில் பாராபினைலின் டையமின் என்னும் சாயம் கலந்திருக்கக்கூடும், அது கை முழுவதும் கொப்புளத்தை உண்டாக்கவல்லது. கொல்லையிலோ அண்டை வீட்டிலோ பறித்த இலையை அரைத்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே இட்டுவிடுங்கள். இலையின் செம்மை மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் முழுமையாக ஏறும்.