செய்யாதவரும் ஒப்புக்கொள்வார்

"செய்யாதவன் என்னத்துக்கு ஒத்துக்கொள்ளப் போறான்?"

கல்முனை பஸ் நிலையத்தருகே தேத்தண்ணிக் கடையில் கேட்கிற கேள்வி இது. மருதமுனையில் தறியடியிலும், சாய்ந்தமருதில் மையத்து வீட்டு வாசலிலும் இதே கேள்விதான். பொலிஸ் ஒருவரைப் பிடித்து, "சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று செய்தி வந்துவிட்டால் போதும். நீதவான் முன் அவரை நிறுத்துமுன்பே ஊர் தீர்ப்பெழுதிவிடுகிறது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாட்டில் வேறு யார் இதைச் சொன்னாலும் அம்பாறை மாவட்டத்து முஸ்லிம்கள் சொல்லக்கூடாது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, ஆண்களை மலடாக்கும் மாத்திரை என்று கூட்டம் கத்தியது. காசாளரைச் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் அதட்டிக் கேட்டது. அரைகுறைச் சிங்களமும் உயிர்ப்பயமுமாக நின்ற அவர், "ஓம், போட்டோம்" என்ற பொருளில் எதையோ சொன்னார். அந்த வீடியோ நாடெங்கும் பரவியது. அன்றிரவே கடையும் அம்பாறைப் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்துச் சொன்னார்: அது மாக்கட்டி. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். ஆக, இல்லாத மாத்திரையைப் போட்டதாக ஒரு மனிதர் ஒப்புக்கொண்டிருந்தார். அவரை அடைத்துவைக்கச் சிறைக்கூடம்கூடத் தேவைப்படவில்லை. சில நிமிடப் பயம் போதுமாயிருந்தது.

அது பொலிஸ் இல்லையே, கூட்டம்தானே என்பார்கள். சரி, பொலிஸையே பார்ப்போம். 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் 5 வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. முதலில் பாடசாலை மாணவர் ஒருவர் பிடிபட்டார். மரபணுப் பரிசோதனை அவரை விடுவித்தது. அடுத்து, பத்திரிகைகள் பட்டப்பெயர் வைத்தே எழுதிய ஒருவர் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொலிஸ் அறிவித்தது. தூக்கில் போடு என்று எங்கும் ஒரே குரல். மரபணு அவருடையதுமல்ல என்று அறிக்கை வந்தது. பொருந்தியது அவருடைய சகோதரனுடைய மரபணு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்குத்தான் மரண தண்டனை விதித்தது. மரபணு மாதிரி கிடைக்காத வழக்காக இருந்திருந்தால், ஒப்புக்கொண்டவரின் கதி என்ன?

நமது சட்டத்துக்கு இந்த ஆபத்து பழைய காலத்திலேயே தெரியும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் தந்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. காவலில் இருக்கும்போது தந்த ஒப்புதலானால், நீதவான் நேரில் இருந்திருக்க வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. தேத்தண்ணிக் கடை நம்புவதைச் சட்டம் நம்பவில்லை.

அந்த வேலியை உடைத்தது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் தந்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கிறது. அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அடிபட்டவர் தலையில்தான். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோதும் இந்தப் பிரிவில் கைவைக்கவில்லை.

அந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதற்கு மட்டக்களப்பு மாவட்டத்து நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு போதும். 1993 ஜூலையில் பிடிபட்டார். அவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். விசாரித்த தரப்பைச் சேர்ந்த கான்ஸ்டபிளே மொழிபெயர்த்தார். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். அந்த ஒரு தாளை வைத்து 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. முதுகில் தழும்பு, இடது கண்ணில் காயத்தின் வடு என்று மருத்துவ அறிக்கை இருந்தது. நீதவானிடம் அப்போதே முறையிடவில்லையே என்று அதைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீட்டில் தண்டனை 35 வருடமாகக் குறைந்தது, அவ்வளவுதான். இப்படிப் பெற்ற ஒப்புதலை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணை அல்ல என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 ஜூலையில் சொன்னது. அந்த முடிவைக் கொண்டு நிவாரணம் கேட்டபோது, 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1989இல் நியூயோர்க் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் பதின்ம வயதுப் பையன்கள் பொலிஸிடம் தந்த ஒப்புதல்களை நம்பி ஐந்து பேரைத் தண்டித்தார்கள். 2002இல் உண்மைக் குற்றவாளி தானே முன்வந்தார். மரபணுவும் அவருடையதாகவே இருந்தது. ஐவரின் தண்டனையும் நீக்கப்பட்டது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

நம்பிக்கை: நெருப்பில்லாமல் புகையுமா?
உண்மை: 'நவரசம்' என்ற கவிதை நூலை எழுதிய ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. புகை மட்டும் மூன்றரை வருடம் இருந்தது.

நம்பிக்கை: கண்ணால் கண்ட சாட்சி பொய்க்காது.
உண்மை: அமெரிக்காவில் மரபணுச் சான்றால் குற்றமற்றவர் என்று தெளிந்து விடுதலையான முதல் 375 பேரின் வழக்குகளில், பத்துக்கு ஏழளவில் சாட்சிகள் ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பொய் சொன்னவர்கள் அல்லர். தவறாக நினைவு வைத்தவர்கள்.

நம்பிக்கை: பிணை கிடைத்தால் வழக்கு முடிந்தது.
உண்மை: முடியவில்லை. தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை வரும்.

நம்பிக்கை: லோயர் வைக்கக் காசில்லாவிட்டால் வழியில்லை.
உண்மை: வசதியற்றவர்களுக்கு உதவத்தான் 1978இலிருந்து சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போய்க் கேட்க வேண்டும்.

திரும்ப முதல் விசயத்துக்கு வருவோம். காசாளருக்கும் சிங்கராசாவுக்கும் பொதுவானது ஒன்றுதான்: கேள்வி ஒரு மொழியில், ஆள் வேறு மொழியில். அம்பாறை மாவட்டத்தில் பத்துப் பேரில் ஆறு பேர் தமிழ் பேசுகிறவர்கள். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே எழுதிவைத்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளின் அடியில் நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். கேட்டால், "தந்தாங்க, வைச்சன்" என்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் வருடம் ஒரு ஜும்ஆ நாளையாவது இதைப் பேச ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இராக்கடமைக்குத் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும் என்று நம் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் கேட்கவேண்டும். வீதி விளக்குக்கு மகஜர் கொடுக்கிற ஊர் இதற்கு ஏன் கொடுக்கக்கூடாது?

பொலிஸ் நிலையத்துக்குப் போகும் பிள்ளைக்கு வாப்பாவும் உம்மாவும் மூன்று விசயம் சொல்லியனுப்பட்டும். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதே. அடித்திருந்தால், முதல் தடவை நீதவான் முன் நிற்கும்போதே சொல். சட்ட வைத்திய அதிகாரியிடமும் காயத்தைக் காட்டு. சிங்களத்தில் ஒரேயொரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போ: "தெமளென் லியன்ன." தமிழில் எழுதுங்கள் என்று அர்த்தம். எழுத மறுத்தால் நாள், நேரம், உத்தியோகத்தரின் இலக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டு வரட்டும். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத அவை வேண்டும்.