பூசணிக் காபியில் பூசணி உண்டா?

காபி நமக்குத் தெரியும். பூசணியும் நமக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துக் குடிப்பார்களா? அமெரிக்காவில் குடிக்கிறார்கள்.

அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். அப்போது மஞ்சள் பூசணி அறுவடை ஆகும். நாம் பரங்கிக்காய் என்று சொல்லும் காய் இதன் இனம்தான். நவம்பர் மாதத்தில் நன்றி கூறும் திருநாள் வரும். அன்று பல வீடுகளில் பூசணியில் இனிப்புப் பண்டம் சுடுவார்கள். அதில் பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்கு ஆகியவற்றைப் பொடித்துப் போடுவார்கள். நமக்குப் பொங்கல் என்றால் நெய்யும் ஏலக்காயும் மணக்கும். அவர்களுக்கு இந்த மசாலா மணம்தான் பண்டிகை மணம்.

2003-ஆம் ஆண்டில் ஸ்டார்பக்ஸ் என்ற பெரிய நிறுவனம் இந்த மணத்தைக் காபியில் சேர்த்து விற்றது. மக்கள் விரும்பிக் குடித்தார்கள். ஆனால் அப்போது அந்தக் காபியில் பூசணியே இல்லை! மசாலா மணம் மட்டுமே இருந்தது. 2015-ஆம் ஆண்டில்தான் பூசணி விழுதைச் சேர்த்தார்கள்.

இன்று அங்கே பல சிறிய காபிக் கடைகளும் இதை விற்கின்றன. கடைக்காரர் சரக்கு வாங்கப் போகிறார். அவர் எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்?

பூசணி

விளக்குச் செய்யக் குடையும் பெரிய பூசணி சமையலுக்கு அவ்வளவு ஏற்றது அல்ல. அதில் நாரும் நீரும் அதிகம். இனிப்புக் குறைவு. சிறிய இனிப்புப் பூசணி நல்லது. அதை வேகவைத்து மசிக்க வேண்டும்.

டப்பாவில் அடைத்த விழுதும் கிடைக்கும். கடையில் இரண்டு வகை டப்பாக்கள் இருக்கும். இரண்டிலும் பூசணிப் படம் இருக்கும். ஒன்றில் பூசணி மட்டும் உண்டு. மற்றொன்றில் சர்க்கரையும் மசாலாவும் முன்பே கலந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

மணப்பாகு

சிலர் புட்டியில் வரும் மணப்பாகு வாங்குவார்கள். வேலை குறையும். ஆனால் புட்டியின் பின்புறம் பார்க்க வேண்டும். அங்கே சேர்மானங்களின் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். எது குறைவோ அது கடைசியில் வரும். முதல் சொல் "சர்க்கரை" என்றால் சர்க்கரைதான் அதிகம் என்று பொருள். "பூசணி" என்ற சொல்லே இல்லாமலும் போகலாம்.

பால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலருக்குப் பால் ஒவ்வாது. உடல் தடிக்கும். மூச்சுத் திணறும். உயிருக்கே ஆபத்து வரலாம். அவர்கள் பாதாம் பாலில் காபி கேட்பார்கள். ஆனால் கெட்டியான பூசணிப் பாகு சிலவற்றில் பால் கலந்திருக்கும். கடைக்காரர் அதைப் படிக்காமல் ஊற்றினால் என்ன ஆகும்?

பட்டை

பட்டையில் இரண்டு வகை உண்டு. இலங்கைப் பட்டை மெல்லியது. சுருட்டினால் பல அடுக்காக இருக்கும். மற்றொன்று தடித்த பட்டை. விலை குறைவு. காரம் அதிகம். அதில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக உண்டு. நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால் கல்லீரல் கெடலாம்.

பொடியாக வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குழந்தைகள் சாப்பிடும் ஆப்பிள் கூழில் ஈயம் கலந்திருந்தது. அதில் சேர்த்த பட்டைப் பொடியே காரணம். பல குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2024-ஆம் ஆண்டில் கடைகளில் விற்ற சில பட்டைப் பொடிகளிலும் ஈயம் இருப்பதை அரசு கண்டுபிடித்தது. அவற்றை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது.

ஈயம் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. எனவே சோதனைச் சான்று காட்டும் வியாபாரியிடம் வாங்க வேண்டும். முழுப் பட்டையாக வாங்கிப் பொடிப்பதும் நல்லது. பொடியில் கலப்படம் செய்வது எளிது.

இஞ்சி

பச்சை இஞ்சிச் சாற்றைப் பாலில் விட்டால் பால் திரியும். இது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். சுக்குப் பொடி போடலாம். அல்லது இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

பலகையில் எழுதுவோம்

கடையில் செய்த பாகு விரைவில் கெடும். கொஞ்சமாகச் செய்து குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். செய்த தேதியைப் புட்டியில் எழுதி ஒட்ட வேண்டும். "இதில் பால் உண்டு" என்று பலகையில் எழுதி வைக்கலாம். அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கும்.

நம் நாட்டிலும் பாக்கெட்டில் அடைத்த உணவுக்குச் சேர்மானப் பட்டியல் உண்டு. இங்கும் எடை அதிகமானது முதலில் வரும். பழச்சாறு என்று எண்ணி வாங்குகிறோம். முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, கடைசியில் பழம் என்று இருக்கலாம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். எழுத்து பொடியாக இருந்தாலும் பார்த்துப் படிப்போம். வேறு மொழியில் இருந்தால் தெரிந்தவரைக் கேட்போம்.

பதில் சொல்லுங்கள்

1. சேர்மானப் பட்டியலில் முதலில் வரும் பொருள் எது?
2. பட்டைப் பொடியை ஏன் கவனமாக வாங்க வேண்டும்?
3. பால் ஒவ்வாதவருக்குப் பூசணிக் காபியால் எப்படி ஆபத்து வரலாம்?

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். பின்புறம் உள்ள பட்டியலைப் பாருங்கள். முதல் மூன்று பொருள்களை நோட்டில் எழுதுங்கள். தயாரித்த தேதியையும் எழுதுங்கள். மையத்துக்குக் கொண்டு வந்து எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.